யார் கத்தியை யார் தீட்டுவது?

சுவரை இடித்த அன்று எங்களுக்கு ஆளுக்கு ஒரு லட்டு கொடுத்தார்கள். லட்டு வாயில் இருக்கும்போதே கடப்பாரை விழுந்தது. காரைத் தூள் பறந்து வந்து எல்லார் கையிலும் வாயிலும் படிந்தது. அதனால் இன்றைக்கும் லட்டு என்றதும் என் நாக்குக்கு முதலில் வருவது சர்க்கரை இல்லை, பழைய சுண்ணாம்புதான்.

ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றங்கரையில், இரண்டு தோல் ஷாப்புகள் ஒட்டினாற்போல இருந்தன. தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கத்தில் ஷாப்பு என்றுதான் சொல்வோம். மேட்டில் இருந்தது மேல ஷாப்பு. ஆற்றை ஒட்டி இருந்தது கீழ ஷாப்பு. நடுவில் ஒரே ஒரு சுவர், அதன் தலையில் கண்ணாடிச் சில்லு. நான் மேல ஷாப்புக்காரன்.

சுவரில் விழுந்த ஓட்டை ஓர் ஆள் தலை நுழையும் அளவு ஆனதும், உண்மையாகவே ஒரு தலை நுழைந்தது. வெள்ளைக் குல்லா, நரைக்கத் தொடங்கிய தாடி, கன்னத்தில் அடக்கிய லட்டு. என் பக்கத்தில் நின்ற முனுசாமி அந்தத் தலையைப் பார்த்துக் கேட்டான்.

"இன்னா பாய், உங்களுக்கும் லட்டுதானா?"

"லட்டுதான்," என்றது தலை. பிறகு எங்கள் கையில் இருந்ததை உற்றுப் பார்த்தது. "உங்களுது கொஞ்சம் பெருசா இருக்குதே."

இரண்டு ஷாப்புகளும் ஒரே கம்பெனி ஆன நாளில், இந்தப் பக்கத்து ஆளும் அந்தப் பக்கத்து ஆளும் பேசிக்கொண்ட முதல் பேச்சு இது. பொழுது சாய்வதற்குள், மேல ஷாப்புக்குப் பெரிய லட்டு, கீழ ஷாப்புக்குச் சின்ன லட்டு என்று ஊரெல்லாம் செய்தி போய்விட்டது. ஒரே கடையில், ஒரே அண்டாவிலிருந்து எடுத்துப் பிடித்த லட்டு. வாங்கப் போனவர்களில் நானும் ஒருவன். சொன்னேன். யார் கேட்டார்கள்?

வாதாங்கொட்டை

பிள்ளைகளே, இந்த வாரம் வேறு ஏதோ எழுதுவதாக இருந்தேன். போன வாரம் ஆற்று வெள்ளத்தில் தோல் மூட்டைகள் மிதந்ததைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, பத்திரிகை ஆசிரியர் நன்றாக இருக்கிறது, ஆனால் நாற்றத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். தோல் ஷாப்பைப் பற்றி நாற்றம் இல்லாமல் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. முயற்சி செய்கிறேன்.

நம் வீட்டுக் கிணற்றடியில் ஒரு கறுப்புக் கல் கிடக்கிறதல்லவா? உள்ளங்கை அகலத்தில், நடுவில் குழிந்து, சின்ன ஓடம் மாதிரி இருக்கும். முந்தாநாள் சின்னவன் அதன்மேல் வாதாங்கொட்டையை வைத்து உடைத்துக்கொண்டிருந்தான். நான் போட்ட சத்தத்தில் கொட்டையையும் போட்டுவிட்டு ஓடினான். உங்கள் அம்மா அடுப்படியிலிருந்தே, ஒரு கல்லுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்டாள்.

கேட்டது நியாயம்தான். ஆனால் பதில் ஒரு வார்த்தையில் வரவில்லை. அதற்குள் நீங்கள் எல்லோரும் அப்பாவுக்குப் பித்தம் ஏறிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டீர்கள். ஆகையால் எழுதிவிடுகிறேன். மற்ற வீட்டுப் பிள்ளைகளும் படிக்கலாம். உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒரு கல் கிடக்கும்.

ஜோடி

தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் மயிர் கழன்று வரும். மயிர் போனபிறகு, உள்பக்கம் ஒட்டியிருக்கிற சதையையும் கொழுப்பையும் சீவி எடுக்க வேண்டும். இதற்கு ஒரு வழவழப்பான கட்டையைச் சாய்த்து நிறுத்தியிருப்பார்கள். தோலை அதன்மேல் போர்த்து, வயிற்றால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த வளைந்த கத்தியால் கீழ்நோக்கித் தள்ள வேண்டும். கை கொஞ்சம் ஆழம் போனால் தோலில் வெட்டு விழும். அந்தத் தோலைச் சீமைக்கு அனுப்ப முடியாது. கை மேலோடு போனால் சதை நின்றுவிடும், தோலைப் பதப்படுத்துகிற ஆவாரம்பட்டைத் தண்ணீர் உள்ளே இறங்காது.

இந்த வேலையை இரண்டு இரண்டு பேராகத்தான் செய்வோம். பக்கத்துப் பக்கத்துக் கட்டை. அவர்களுக்கு ஜோடி என்று பெயர். ஈரத்தோலை ஒருவனாகத் தூக்க முடியாது என்பது ஒரு காரணம். இன்னொன்று கத்தி.

எங்கள் பக்கத்து ஷாப்புகளில் எவனும் தன் கத்தியைத் தானே தீட்டிக்கொள்ள மாட்டான். அவன் கத்தியை ஜோடி தீட்டுவான், ஜோடியின் கத்தியை அவன் தீட்டுவான். கட்டையில் குனிந்திருப்பவனுக்குத் தோல் மட்டும்தான் தெரியும். கத்தி மழுங்குகிற சத்தம் பக்கத்தில் இருப்பவன் காதுக்குத்தான் முதலில் எட்டும். முனுசாமியைக் கேட்டால் வேறு காரணம் சொல்லுவான். வெட்டு விழுந்தால் பழி போட ஓர் ஆள் வேண்டாமா என்பான்.

தன் கத்தியைத் தானே தீட்டுகிறவனைப் பார்த்தால், ஐயோ பாவம், இவனுக்கு ஒரு ஜோடிகூட இல்லையே என்று பேசிக்கொள்வோம். பெண் கொடுக்க வருகிறவர்கள் மாப்பிள்ளைக்கு ஜோடி யார் என்று விசாரிப்பதுண்டு. உங்கள் அம்மாவின் அப்பா என்னைப் பார்க்க ஷாப்புக்கு வந்தபோது என்னிடம் ஊர், சபை, சம்பளம் கேட்டதோடு சரி. முனுசாமியோடு அரைநாள் உட்கார்ந்து பேசினார். போகும்போது, பையன் பரவாயில்லை, ஜோடி நல்ல ஆள் என்று சொல்லிவிட்டுப் போனாராம். உங்கள் அம்மா இன்றைக்கும் இதைச் சொல்லிக் காட்டுவாள்.

முனுசாமி நெட்டையான ஆள். இடது கணுக்காலுக்கு மேலே ஆறாத புண் ஒன்று. எப்போதோ சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்தபோது வந்தது. கட்டை வேலைக்கு வந்தபிறகு அது கொஞ்சம் காய்ந்து அடங்கியிருந்தது. என் கத்தியை அவன் தீட்டிய கல்தான் நம் கிணற்றடிக் கல்.

இரண்டு மணி

பெரிய சண்டை நடந்த காலத்தில் பட்டாளத்து பூட்ஸுக்காகத் தோல் கப்பல் கப்பலாகப் போயிற்று. சண்டை நின்றது, கிராக்கியும் நின்றது. இரண்டு ஷாப்பு முதலாளிகளும் சாயபுமார்தான். ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போகாத அளவுக்குப் போட்டி. அப்படிப்பட்டவர்கள், மதராஸ் வியாபாரிகள் சிலரையும் சேர்த்துக்கொண்டு ஒரே கம்பெனி ஆனார்கள். பெயர்ப்பலகை மட்டும் ஒரு மாட்டு வண்டி நீளம் இருந்தது.

முன்பெல்லாம் எங்கள் சாயபு காலையில் கட்டை கட்டையாக நடந்து வருவார். உன் பெண்ணுக்கு ஜுரம் விட்டதா, உன் கூரைக்கு ஓலை போட்டாயா என்று கேட்பார். கிறிஸ்தவ ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து தாமதமாக வந்தால் கண்டுகொள்ள மாட்டார். கம்பெனி ஆனபிறகு அவர் திரைச்சீலை போட்ட ஓர் அறைக்குள் போய்விட்டார். திரைக்குக் கீழே அவருடைய செருப்பு மட்டும் தெரியும். செருப்புக்கு சலாம் வைத்துவிட்டுப் போவோம்.

எங்களை நடத்த மதராஸிலிருந்து ஒரு மானேஜர் வந்தார். கோட்டுப் போட்ட வாலிபர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். யாரையும் அடித்ததில்லை, வாய்க்கு வந்தபடி பேசியதில்லை. சோற்றையும் குழம்பையும் பிசைகிற மாதிரி இரண்டு ஷாப்பையும் பிசைந்துவிட்டால் ஒன்றாகிவிடும் என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார். அந்த நம்பிக்கைதான் எங்களை வதைத்தது.

முதல் தகராறு மணியில் வந்தது. எங்கள் பக்கம் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதை ரயில்வே கடிகாரம் பார்த்து அடிப்பார்கள். கீழ ஷாப்பிலும் ஒரு தண்டவாளத் துண்டு. அதைப் பள்ளிவாசல் பாங்கு சத்தத்தை வைத்து அடிப்பார்கள். இந்த மணிக்கு அந்த ஆள் எழுந்திருக்க மாட்டான், அந்த மணிக்கு இந்த ஆள் உட்கார மாட்டான். இவர்கள் தொட்டியிலிருந்து தோலை இழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார்கள், தூக்க வேண்டியவர்கள் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பார்கள்.

மானேஜர் இரண்டு மணியையும் எடுத்துவிட்டு நடுவில் புது மணி ஒன்று மாட்டினார். வெண்கல மணி, அழகாக இருக்கும். பெண்கள் ஆவாரம்பட்டை இடிக்கிற சத்தத்தில் அது ஒருவர் காதிலும் விழவில்லை. கடைசியில் நாங்கள் நேரத்தைத் தெரிந்துகொண்டது நாயைப் பார்த்து. கஞ்சிப் பானையோடு பெண்டுகள் வருவது அதற்குத்தான் முதலில் தெரியும். நாய் எழுந்து வாலை ஆட்டினால் கத்தியைக் கீழே வைப்போம். அந்த நாயாவது எங்கள் பக்கத்து நாயா என்றால், அதுவும் இல்லை.

இதில் என் பாடு தனிப் பாடு. மிஷன் பள்ளியில் அஞ்சாவது வரை படித்தவன் என்பதால், மானேஜரின் உத்தரவுத் தாளை எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டும் வேலை என் தலையில் விழுந்தது. எழுதுவது அவர், திட்டு வாங்குவது நான். "சாமுவேலு வாயத் தொறக்கறான்டா, ஓடு," என்று கீழ ஷாப்புக்காரர்கள் என் காதுபடவே சொல்வார்கள்.

பிசைந்த ஜோடிகள்

பழைய ஜோடிகளை எல்லாம் கலைத்து, மேல ஷாப்பு ஆள் ஒருவனையும் கீழ ஷாப்பு ஆள் ஒருவனையும் சேர்த்துப் புது ஜோடி போட வேண்டும் என்று ஒருநாள் உத்தரவு வந்தது. நான்தான் படித்தேன். முழுக்கப் படித்து முடித்தபிறகுதான் எனக்கே உறைத்தது.

முனுசாமிக்கு ஜோடியாக வந்தது சுவர் ஓட்டையில் தெரிந்த அந்த லட்டுத் தலை. கவுஸ் பாய் என்று பெயர். என்னைக் கட்டை வேலையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். தோலைக் கட்டைக்கு எடுத்துக் கொடுப்பதும், சீவின தோலைத் திரும்ப வாங்குவதும், உத்தரவு படிப்பதும் என் வேலை. என் கத்தி ஆணியில் தொங்கியது. முனுசாமி கடைசியாகத் தீட்டினபடியே தொங்கியது.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் மேல ஷாப்பில் மாட்டுத்தோல்தான் செய்வோம். கீழ ஷாப்பில் ஆட்டுத்தோல். ஜோடியை மாற்றினார்களே தவிர வேலையை மாற்றவில்லை. முனுசாமி கட்டையில் மாட்டுத்தோல், கவுஸ் பாய் கட்டையில் ஆட்டுத்தோல்.

"ஆட்டுத்தோல்காரன்கூட என்னை முடி போட்டுட்டாங்கடா," என்றான் முனுசாமி. "நாளைக்கி கோழித்தோல்காரன் வருவான் பாரு."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அதிக நாள் நீடிக்கவில்லை. முனுசாமி கட்டையிலிருந்து வரும் தோல்களில் கழுத்துப் பக்கம் வெட்டு விழத் தொடங்கியது. அவனோடு நான் வேலை செய்த வருஷங்களில் அவன் கையில் தோல் வெட்டுப்பட்டதாக எனக்கு நினைவே இல்லை. கவுஸ் பாயின் ஆட்டுத்தோலோ கந்தல் கந்தலாக வந்தது. கீழ ஷாப்பில் அவரும் பேர் போன கைதானாம்.

மற்ற ஜோடிகளிலும் இதே கதை. மேல ஷாப்புக்காரன் கீழ ஷாப்புக்காரனைக் கைகாட்டினான், அவன் இவனைக் கைகாட்டினான். வேண்டுமென்றே கத்தியைக் கெடுக்கிறார்கள் என்று இரண்டு பக்கமும் ஒரே பேச்சு. கஞ்சி நேரத்தில் பழைய சுவர் இருந்த கோட்டுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். செங்கல்லை எடுத்துவிட்டார்களே ஒழிய, சுவர் அங்கேயேதான் இருந்தது.

மானேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். தோலில் வெட்டுப் போடுகிறவர்களைக் கட்டை வேலையிலிருந்து எடுத்துச் சுண்ணாம்புத் தொட்டிக்கு அனுப்பிவிடுவோம் என்று எழுதியிருந்தது. படித்தேன். படிக்கும்போது முனுசாமி தன் இடது காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் என்னைத் திட்டினார்கள். அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். உங்கள் அம்மா கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"அந்தக் காலோட சுண்ணாம்புல எறங்குனா அது கால் இல்ல, கட்டைதான். நீ போய் அந்த மானேஜர்கிட்ட பேச மாட்டியா? படிக்கத் தெரிஞ்சவன்தானே?"

என்ன பேசுவது? கவுஸ் பாய் கத்தியைக் கெடுக்கிறார் என்று சொல்ல வேண்டுமானால் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். பார்த்துவிட்டால் கவுஸ் பாயை அனுப்பிவிடுவார்கள், முனுசாமி திரும்ப என் ஜோடியாக வந்துவிடுவான், என் கத்தி ஆணியை விட்டு இறங்கும். அப்படி ஒரு கணக்கு.

பட்டைக் குவியலுக்குப் பின்னால்

மறுநாள் நாய் எழுந்ததும் எல்லோரும் கஞ்சிக்குப் போனார்கள். நான் ஆவாரம்பட்டைக் குவியலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பட்டைத் தூள் மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கவுஸ் பாய் கஞ்சிக்குப் போகவில்லை. முனுசாமியின் கத்தியை எடுத்து மடியில் வைத்தார். இடுப்பிலிருந்து ஒரு சின்னக் கல்லை எடுத்தார். வெண்ணெய் தடவின மாதிரி மினுமினுப்பான கல். தண்ணீர் தெளித்து, மெதுவாக, மிகவும் மெதுவாகத் தீட்டினார். நகத்தில் வைத்துப் பார்த்தார். மறுபடி தீட்டினார். தன் தோளில் கிடந்த சுத்தமான துண்டால் துடைத்தார். எதிரியின் கத்தியைக் கெடுக்கிற மனுஷன் அப்படித் துடைக்க மாட்டான்.

அடக்கி வைத்த தும்மல் அப்போது வந்துவிட்டது.

"யாரு? சாமுவேலு தம்பியா? அங்க இன்னா பண்றே?"

வெளியே வந்தேன். வேறு வழி இல்லாமல் நேராகவே கேட்டேன், அது முனுசாமி கத்திதானே என்று.

"உன் தோஸ்தோடதுதான். பாக்கறதுக்குத்தானே ஒளிஞ்சிக்கினு நின்னே?" அவருக்குக் கோபம் வரவில்லை. "பிடிக்குதோ பிடிக்கலியோ, ஒருத்தன் கத்திய கையில வாங்கிட்டா அதுல வஞ்சனை கூடாது தம்பி. நான் பண்ணல. அவன் பண்றான். இத்த பாரு."

தன் கத்தியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"கடப்பாரைக்கு வெக்கிற கூரு. இத்தால ஆட்டுத்தோல தொட்டா கந்தல் ஆவாம இன்னா ஆவும்? ஒரே பேஜாரா போச்சு எனக்கு."

விளிம்பில் விரலை வைத்துப் பார்த்தேன். பிள்ளைகளே, அந்தக் கூர் எனக்கு என் கை ரேகை மாதிரி தெரியும். தடித்த முனை, உறுதியான விளிம்பு. பல வருஷமாக முனுசாமி எனக்குத் தீட்டித் தந்த அதே கூர். இதைவிட நன்றாகத் தீட்ட அவனால் முடியாது. அவனும் வஞ்சனை செய்யவில்லை.

நான் பட்டைக் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் வந்தது, சலிப்பும் வந்தது. ஆட்டுத்தோல் வெற்றிலை மாதிரி. அதற்குச் சவரக்கத்தி போல மெல்லிய கூர் வேண்டும். தடித்த கூர் அதைச் சீவாது, இழுத்துக் கிழிக்கும். மாட்டுத்தோலின் கழுத்துப் பக்கமோ மரப்பட்டை மாதிரி. மெல்லிய கூர் அங்கே மடங்கி எகிறும், எகிறின இடத்தில் வெட்டு விழும். இரண்டு பேரும் தங்களுக்குத் தெரிந்ததில் உயர்ந்ததை மற்றவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பேரும் அதைத் துரோகம் என்று வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

முனுசாமியைக் கூப்பிட்டேன். நொண்டிக்கொண்டே வந்தான், பாதிக் கஞ்சியில் எழுப்பிவிட்டேன் என்று முனகிக்கொண்டு. நான் விளக்கினதை அவன் நம்பவில்லை. கவுஸ் பாய்க்கும் முழுக்க நம்பிக்கை வரவில்லை. அதனால் ஆணியில் தொங்கிய என் கத்தியைக் கொண்டுவந்து கவுஸ் பாய் கையில் கொடுத்தேன். அவர் முனுசாமியின் கட்டையில் குனிந்து, மாட்டுத்தோலின் கழுத்தில் வைத்துத் தள்ளினார். கொழுப்பு ஒரே விரிப்பாகச் சுருண்டு வந்தது. அவர் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பிறகு முனுசாமி, அப்போதுதான் அவர் தீட்டி வைத்த தன் கத்தியை எடுத்து ஆட்டுத்தோலில் ஓட்டினான். தண்ணீரில் துடுப்புப் போகிற மாதிரி போயிற்று.

"ஆட்டுக்குப் பண்ற சவரத்த மாட்டுக்குப் பண்ணிக்கினு இருந்திருக்கியே பாய்," என்றான்.

"நீ மட்டும் இன்னா? மாட்ட வெச்சி உழற உழவ ஆட்டு மேல உழுதிருக்கே."

சுவர் இடிந்ததிலிருந்து, பழைய கோட்டைத் தாண்டி இரண்டு பக்கத்துக்காரர்கள் சேர்ந்து சிரித்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். அவன் அவருடைய கல்லை வாங்கிப் பார்த்தான், அவர் அவனுடைய கல்லை வாங்கிப் பார்த்தார். கஞ்சி ஆறிப்போயிற்று.

நல்ல காரியம் செய்யப் போனேன்

பிறகு சில வாரம் நன்றாக நடந்தது. விஷயம் கட்டை கட்டையாகப் பரவியது. மேல ஷாப்புக்காரர்கள் மெல்லிய கூர் வைக்கவும், கீழ ஷாப்புக்காரர்கள் தடித்த கூர் வைக்கவும் பழகினார்கள். வெட்டு கம்மி ஆயிற்று. சுண்ணாம்புத் தொட்டிப் பேச்சே அடங்கிவிட்டது. முனுசாமியும் கவுஸ் பாயும் ஒரே இடத்தில் உட்கார்ந்து கஞ்சி குடித்தார்கள். அவர் வீட்டு ஊறுகாய் இவன் பானைக்கு வந்தது.

இதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு என் ஜோடி வேண்டுமே. மானேஜரிடம் போனேன். நடந்ததை எல்லாம் ஒழுங்காகச் சொன்னேன். மாட்டுத்தோல்காரனுக்கு மாட்டுத்தோல்காரனே தீட்டுவதுதான் சுலபம், ஆகையால் பழைய ஜோடிகளைத் திரும்பப் போட்டுவிடலாம் என்றேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். நல்ல விஷயத்தைக் கவனித்திருக்கிறாய் என்று பாராட்டினார். பிறகு, ஆளுக்கு ஒரு விதமாகத் தீட்டுவதுதான் குறை என்று இப்போதுதான் புரிகிறது, எல்லாக் கத்தியையும் ஒரே விதமாகத் தீட்ட ஏற்பாடு செய்கிறேன் என்றார்.

"ஐயா, ரெண்டு தோலுக்கும் ஒரே கூரு ஆவாதுங்க. தகராறே அதாலதான் வந்துது."

"இது இப்போது ஒரே கம்பெனி, சாமுவேல்," என்று சிரித்தார்.

காலால் மிதித்துச் சுற்றும் சாணைச் சக்கரம் ஒன்று வந்தது. அதற்கு ஓர் ஆளும் வந்தான். சாயங்காலம் எல்லோரும் கத்தியைச் சக்கரத்தண்டை வைத்துவிட்டுப் போக வேண்டும். இனிமேல் யாரும் யார் கத்தியையும் தீட்டக் கூடாது, தீட்டுக்கல் கேட்டுக்குள்ளே வரக் கூடாது. அந்த உத்தரவையும் நான்தான் படித்தேன். காவல்காரன் இடுப்பைத் தடவிப் பார்த்து உள்ளே விட்டான். தோல் திருடுகிறவனைச் சோதிக்கிற மாதிரி கல் வைத்திருக்கிறவனைச் சோதித்தார்கள்.

சக்கரம் வைத்த கூர் ஆட்டுக்கும் ஆகவில்லை, மாட்டுக்கும் ஆகவில்லை. வெட்டு திரும்ப வந்தது, இந்தத் தடவை எல்லார் கட்டையிலும். ஒரு விஷயத்தில் மானேஜர் ஜெயித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு ஷாப்பும் ஒன்றாகிவிட்டது. எல்லோரும் ஒரே குரலில் சக்கரத்தைத் திட்டினோம்.

ஒரு வியாழக்கிழமை தாள் வந்தது. பழைய வெட்டுகளையும் சேர்த்துக் கணக்குப் பார்த்ததில், சனிக்கிழமையிலிருந்து முனுசாமியும் கவுஸ் பாயும் சுண்ணாம்புத் தொட்டிக்குப் போக வேண்டும் என்று இருந்தது. நான் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"படிடா," என்றான் முனுசாமி. "நீ படிக்காட்டி மட்டும் அது அழிஞ்சிடப் போவுதா?"

படித்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம்

மறுநாள் வெள்ளிக்கிழமை, அரை நாள் லீவு. முனுசாமி நம் வீட்டுக்கு வருவான் என்று எனக்குத் தெரியும். முன்னாடியே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அவன் அந்தக் காலோடு தொட்டியில் இறங்க மாட்டான், வேறு ஷாப்பு தேடுவான், நானும் கூடப் போவது. உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. என் கத்தியைக் கோணித்துணியில் சுற்றி வைத்திருந்தேன். உத்தரவு படித்துப் படித்துத் திட்டு வாங்கினதெல்லாம் போதும் என்றிருந்தது.

அவன் வந்தான். முருங்கை மரத்தடியில் குந்தினான். உங்கள் அம்மா மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு, செம்பைத் தரையில் வைத்து, அதைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டே பேசினான்.

"பேர்ணாம்பட்டுல ஒரு ஷாப்புல ஆளு எடுக்கறாங்க. ஆட்டுத்தோலும் உண்டு, மாட்டுத்தோலும் உண்டு. நாளைக்கி காலையில நாங்க போறோம்."

"நாங்கன்னா?"

"நானும் கவுஸ் பாயும்." செம்பை இன்னொரு சுற்றுத் திருப்பினான். "ஜோடியா வந்தாத்தான் சேத்துக்குவாங்களாம். ரெண்டு கூரும் வெக்கத் தெரிஞ்ச ஜோடின்னதும் உடனே வரச் சொல்லிட்டாங்க."

நான் கோணித்துணியைக் காலால் பின்னுக்குத் தள்ளினேன். அவன் பார்த்தானா, தெரியாது.

அவரையும் அவனையும் சேர்த்துவைத்தவன் நான். கவுஸ் பாயிடம் குற்றம் கண்டுபிடிக்கப் போய், அவர் நல்லவர் என்று கண்டுபிடித்துவிட்டேன். மானேஜர் சொன்னபடி அந்தக் கம்பெனியில் நிஜமாகவே ஒன்றாகச் சேர்ந்தது அந்த ஒரு ஜோடிதான். அதுவும் கேட்டைத் தாண்டி வெளியே போகிறது. யார்மேல் கோபப்படுவது? மானேஜர்மேலா, சுவர்மேலா, அந்த லட்டுமேலா?

எழுந்தவன் இடுப்பிலிருந்து கல்லை எடுத்தான். கேட்டில் காவல்காரனிடம் சிக்காமல் இத்தனை நாள் அதை எங்கே வைத்திருந்தான் என்று எனக்குத் தெரியாது.

"இது உன்கிட்டியே இருக்கட்டும்டா. பாய்கிட்ட நல்ல கல்லு இருக்குது."

அன்பாகத்தான் சொன்னான். அதனால்தான் இன்னும் ஜாஸ்தியாக வலித்தது. வாசல் வரை போய் நின்றேன். நொண்டி நொண்டி ஆற்றுப் பக்கம் போனான். கால் புண்ணில் புதுத்துணி கட்டியிருந்தது. வெள்ளைத் துணி, ஓரத்தில் பச்சைக் கரை. கவுஸ் பாய் தோளில் போடுகிற துண்டு.

திங்கட்கிழமை ஆள் பற்றவில்லை என்று என்னைத் திரும்பக் கட்டைக்கு அனுப்பினார்கள். ஜோடி கிடையாது. என் கத்தியையும் வாங்கிச் சக்கரத்தில் தீட்டித்தான் கொடுத்தார்கள். அதை அன்று சாயங்காலம் ஒருவருக்கும் தெரியாமல் கோணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உங்கள் அம்மா வாங்கிப் பார்த்து, இது பூசணிக்காய் நறுக்கக்கூட ஆகாது என்றாள். கிணற்றடியில் குந்தி, தண்ணீர் தெளித்து, என் கத்தியை நானே தீட்டினேன். அவள் வந்து பார்த்தாள். குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பிற்பாடு இரண்டு சாயபுமாரும் பிரிந்துபோனார்கள். அதே இடத்தில் அதே சுவரைத் திரும்பக் கட்டினார்கள், கண்ணாடிச் சில்லு உள்பட. அன்றைக்கு யாருக்கும் லட்டு கிடையாது.

அந்தக் கல்லின் நடுவில் இருக்கிற குழி தானாக வந்ததில்லை. பாதி, முனுசாமி என் கத்திக்காகத் தேய்த்தது. மீதி, நான் எனக்காகத் தேய்த்தது. ஆகவே பிள்ளைகளே, வாதாங்கொட்டைக்கு வேறு கல் பாருங்கள்.